குரூகர் காசு வாங்கும் முன் தராசை எடுங்கள்

நாணய மதிப்பீடு என் தொழில். வாட்ஸ்அப்பில் எனக்கு அடிக்கடி வருபவை தென்னாப்பிரிக்காவின் பழைய டிரான்ஸ்வால் குடியரசுக் காசுப் படங்கள். அந்தக் குடியரசின் அதிபர், தாடி வைத்த பால் குரூகரின் முகம், கூடவே ஒரு கதை: கொள்ளுத்தாத்தா நேட்டால் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது கிடைத்தது. கதை பொய் என்று சொல்லவில்லை. குரூகர் பவுன் என்ற அந்தத் தங்கக் காசு கோத்த நகை டர்பன் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. ஆனாலும் கதையை நான் கடைசியில்தான் கேட்பேன். கள்ளக்காசு விற்கிறவன் முதலில் தயாரிப்பதே கதையைத்தான்.

முதலில் எடை. குரூகர் பவுன் பிரிட்டிஷ் சவரனின் அளவிலேயே அடிக்கப்பட்டது: 22 காரட், ஏறக்குறைய 7.99 கிராம், 22 மில்லிமீட்டர் விட்டம். எடையும் விட்டமும் சரியாக இருந்து காசு மட்டும் தடிமனாக இருந்தால், உள்ளே இருப்பது தங்கம் இல்லை. மாலையில் கிடந்த காசு என்றால் விளிம்பில் பற்றவைத்த தழும்பைத் தேடுங்கள். சாதாரண வருடக் காசில் அந்தத் தழும்பு இருந்தால் தங்க விலைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

1892 என்று இருந்தால் லென்ஸை எடுங்கள். பின்பக்கக் கேடயத்தின் கீழ்ப்பாதியில் ஒரு வண்டி இருக்கும். டிரான்ஸ்வாலில் குடியேறிய டச்சு வழி வந்தவர்களான போயர்களின் மாட்டுவண்டிக்கு, நம் ஊர் வண்டி போலவே, நடுவில் ஒற்றை ஏர்க்கால்தான். பெர்லினில் அச்சு வெட்டியவரோ குதிரைவண்டி மாதிரி இரண்டு கால்கள் வைத்து, சக்கரங்களையும் ஒரே அளவில் செதுக்கிவிட்டார். பிறகு திருத்தினார்கள். அதனால் அந்த ஒரு வருடத்தில் மட்டும் இரண்டு வகை. விலையும் வேறு வேறு. தேய்ந்த காசில் இதைப் படத்தில் பார்த்துச் சொல்லவே முடியாது.

பெரிய மோசடி நடப்பது சின்னக் காசில். 1898இல் சாமி மார்க்ஸ் என்ற தொழிலதிபர், குரூகரின் நண்பர், பிரிட்டோரியா நாணயச்சாலையில் தங்கத்தில் 215 டிக்கி அடித்துக்கொண்டார். டிக்கி என்றால் மூன்று பென்னிக் காசு, வழக்கமாக வெள்ளியில் அடிப்பது. 1898 என்று பொறித்த வெள்ளி டிக்கி புழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே வேறு வருட வெள்ளிக் காசின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி மாற்றி, தங்கமுலாம் பூசி விற்கப் பார்ப்பார்கள். வெள்ளி டிக்கி 1.4 கிராம் சொச்சம். அதே அளவில் தங்கம் என்றால் 2 கிராமைத் தாண்டியாக வேண்டும். தராசில் வைத்ததும் குட்டு உடைந்துவிடும்.

பிரிட்டனோடு நடந்த போயர் போரின்போது, 1902இல் போயர்கள் போர்க்களத்திலேயே அடித்த வெல்ட்பாண்ட் என்ற தங்கக் காசு இன்னும் தலைவலி. பில்கிரிம்ஸ் ரெஸ்ட் என்ற சுரங்க ஊரில், கையில் கிடைத்த கருவிகளைக் கொண்டு 986 காசுகள் செய்தார்கள். அசலே கரடுமுரடாக இருப்பதால் போலி செய்வது சுலபம். என் கருத்தில், காசைச் சோதித்துச் சான்று தரும் தரச்சான்று நிறுவனத்தின் மூடிய உறையில் இல்லாத வெல்ட்பாண்டை இணையத்தில் வாங்குவது சூதாட்டம். உறையும் போலியாக வருகிறது. அதிலுள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியே எடுத்துவரும் சில பழம்பொருள்களுக்கு, அந்நாட்டின் 1999ஆம் ஆண்டு மரபுச் செல்வச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதையும் விற்பவரிடம் கேளுங்கள்.

இனி போர் மெடல். மெடலில் மதிப்பு முகத்தில் இல்லை, வாங்கியவர் பெயர் பொறித்த விளிம்பில். போயர் போருக்குப் பிரிட்டன் கொடுத்த குயின்ஸ் சவுத் ஆப்பிரிக்கா மெடலில் வீரர்களுக்கு வெள்ளி. இந்தியாவிலிருந்து படையோடு போன டோலி தூக்கிகள், தண்ணீர் சுமந்த பிஸ்திகள், குதிரைக்கார சைஸ்கள் போன்றவர்களுக்கு வெண்கலம். வெண்கலம் அரிது, விலையும் அதிகம். பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு பெயர் வெட்டியிருந்தால் விளிம்பு தேய்ந்திருக்கும். காலிப்பரை வைத்துச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்தால் விட்டம் 36 மில்லிமீட்டர் எல்லா இடத்திலும் வராது. எந்தச் சண்டையில் அல்லது எந்தப் பகுதியில் இருந்தார் என்று காட்ட ரிப்பனில் கோர்க்கும் பட்டைகள் தனியாகவும் விற்கின்றன, பிறகு சேர்த்திருக்கலாம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூஓ 100 என்ற வரிசையில், யாருக்கு எந்தப் பட்டை என்ற பதிவேடுகள் இருக்கின்றன. பணம் அனுப்பும் முன் அந்தப் பெயரைத் தேடுங்கள். பதிவேட்டில் இரண்டு பட்டை, மெடலில் மூன்று என்றால் விலை பேசவே வேண்டாம்.