வடிகட்டி: தங்குவதா, இறங்குவதா?

"நேற்றைய பில்டுகளில் தோற்றவற்றை வடிகட்டு" என்று, நம் சார்பில் வேலை செய்யும் ஏஐ நிரலான ஏஜென்ட்டிடம் தமிழில் சொல்கிறோம். (நிரல்மூலத்தைத் தொகுத்துச் சோதிக்கும் ஒவ்வொரு ஓட்டமும் ஒரு பில்டு.) அது எதைக் கொண்டுவர வேண்டும்? தோற்றவற்றை மட்டுமா, தோற்றவை போக மீதியையா? தமிழ் நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டாலே இரண்டு விடை வரக்கூடும்.

சமையலறையில் பார்த்தால் ஏன் என்று தெரியும். டீயை வடிகட்டும்போது கீழே இறங்குவது வேண்டியது, வடிகட்டியில் தங்கும் தூளைக் கொட்டிவிடுகிறோம். சோறு வடிக்கும்போது தலைகீழ்: பானையில் தங்குவதே சோறு, இறங்குவது கஞ்சி. 'வடி' என்ற வினை பிரிப்பதை மட்டும் சொல்கிறது. எந்தப் பக்கம் நமக்கு என்பதைப் பொருளைப் பார்த்து நாமே புரிந்துகொள்கிறோம். டீக்கும் சோற்றுக்கும் அது போதும். பில்டுப் பட்டியலுக்குப் போதாது.

இந்த இருபக்கத்தைத் தமிழ் இலக்கணம் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் மாணாக்கரைத் தரம்பிரிக்கும்போது தலைமாணாக்கருக்கு அன்னத்தையும் கடைமாணாக்கருக்கு நெய்யரியையும் உவமையாக்குகிறது. நெய்யரி என்பது பன்னாடை. மட்டையின் அடியில் வலைபோல இருக்கும் நார். நெய்யை அதில் ஊற்றினால் நெய் இறங்கிவிடும், கசடு தங்கிவிடும். அன்னமோ நீரை விட்டுப் பாலைக் கொள்ளும் என்பது மரபு. இரண்டும் பிரிக்கத்தான் செய்கின்றன. எதைக் கையில் வைத்துக்கொள்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

வடிகட்டிக்கான ஆங்கிலச் சொல் 'ஃபில்டர்', இடைக்கால லத்தீனின் 'ஃபில்ட்ரும்' என்ற சொல்லிலிருந்து வந்தது. கம்பளி மயிரை அமுக்கிச் செய்த கெட்டித் துணி என்று பொருள். ஆங்கிலத்தின் 'ஃபெல்ட்' இதன் உறவுச் சொல். அந்தத் துணியில் திரவங்களை வடித்ததால் துணியின் பெயர் கருவிக்கு வந்தது. 1915-இல் அமெரிக்காவில் கேம்ப்பெல், ஜெர்மனியில் வாக்னர் இருவரும் தனித்தனியே மின் அலைகளைப் பிரிக்கும் ஃபில்டரை உருவாக்கியபோது சொல் மின்னியலுக்குள் வந்தது. பிறகு யூனிக்ஸ் இயங்குதளத்தில், வரிகளை வாங்கி மாற்றியோ குறைத்தோ வெளியே விடும் நிரல்களுக்கு ஃபில்டர் என்று பெயராயிற்று. 1973-ஐச் சேர்ந்த 'கிரெப்' அவற்றில் புகழ்பெற்றது. அது பொருந்தும் வரிகளைக் காட்டும். பொருந்தாதவை வேண்டுமென்றால் கழித்தல் குறியோடு 'வி' சேர்க்க வேண்டும். ஆக, திசையைச் சொல்ல அங்கும் தனிக் குறி தேவைப்பட்டது.

இப்போது பில்டுக்கு வருவோம். ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் (ஏஐ நிரல்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக ஒரு ஏஜென்ட், பில்டுகளை ஓட்டும் பில்டு சர்வரிடம் நேரே கேட்க முடியும். நாம் பேச்சுமொழியில் சொல்வதை அது சில அளபுருக்களாக, அதாவது கேள்வியோடு போகும் நிபந்தனை மதிப்புகளாக, மாற்றி அனுப்புகிறது. தவறு நுழைவது அந்த மாற்றத்தில்தான்.

பில்டு ஓட்டும் சேவைகளில் ஒன்றான, மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் டெவ்ஆப்ஸை எடுத்துக்கொள்வோம். அங்கே நிலை வேறு, முடிவு வேறு. ஓடுகிறது, முடிந்தது என்பவை நிலை; வென்றது, பாதி வென்றது, தோற்றது, ரத்தானது என்பவை முடிவு. 'தோற்றது' என்பதை நிலைக்கான ஃபில்டரில் போட்டால் அது அங்கே செல்லாத மதிப்பு. இதுபோன்ற இன்னொரு சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸிலோ இரண்டையும் ஒரே அளபுரு ஏற்றுக்கொள்ளும். ஒன்றில் பழகிய வழக்கத்தை மற்றதற்குக் கொண்டுபோகக் கூடாது.

நிரல்மூலத்தின் தனித்தனி வளர்ச்சிப் பாதைகளைக் கிளைகள் என்பார்கள். கிளைப் பெயரிலும் இதே சிக்கல். கிட்ஹப்பில் 'மெயின்' என்றால் போதும். அஸூரில் 'ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்' என்று முழுப்பாதை வேண்டும். புல் ரெக்வெஸ்ட்டுக்காக (ஒரு கிளையின் மாற்றத்தை இன்னொன்றில் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) ஓடிய பில்டு அங்கே 'ரெஃப்ஸ்/புல்' என்று தொடங்கும் வேறு பாதையில் இருப்பதால், கிளைப் பெயரில் தேடினால் கிடைக்காது. ஆபத்து என்னவென்றால், அப்போது பிழைச்செய்தி வராது, வெற்றுப் பட்டியல்தான் வரும். ஏஜென்ட் அதைப் பார்த்து "தோற்ற பில்டு எதுவும் இல்லை" என்று நல்ல செய்தியாகச் சொல்லிவிடும். வெற்று விடை வந்தால் கிளை நிபந்தனையை எடுத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பார்ப்பது கட்டாயம்.

நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) பதிவாகிறது. இந்திய நேரம் அதிகாலை 3 மணிக்கு ஓடிய பில்டு, அங்கே முந்தைய நாள் இரவு 9.30. 'நேற்று' என்று சொல்லாமல் தேதியையும் மணியையும் நேர மண்டலத்தோடு சொல்ல வேண்டும். விடை பக்கம் பக்கமாக வருவதையும் மறக்கக்கூடாது: கிட்ஹப் ஒரு பக்கத்துக்கு 30 ஓட்டங்கள்தான் தரும், கேட்டால் 100 வரை. முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஏஜென்ட் எண்ணிக்கை சொன்னால் அந்த எண் பயன்படாது.

சரியான தமிழ்ச் சொல் எது? பெயர்ச்சொல்லாக 'வடிகட்டி' நிலைத்துவிட்டது. 'வடிப்பான்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் சரியே. கட்டளையிடும்போது மட்டும் 'வடிகட்டு' வேண்டாம் என்பதே எம் பரிந்துரை. வைத்துக்கொள்வதற்குத் 'தெரிந்தெடு', நீக்குவதற்குக் 'களை'. வயலில் களையெடுத்தவருக்கு எது போகும், எது நிற்கும் என்பதில் குழப்பம் வராது.

இந்தப் பிரிவினை இயந்திரத்தின் நடப்போடும் ஒத்துப்போகிறது. பில்டு சர்வர்களின் அளபுருக்கள் பெரும்பாலும் தெரிந்தெடுக்கும் வகை. இன்ன முடிவு, இன்ன கிளை என்று கேட்டால் அங்கேயே பொறுக்கி அனுப்பும். "இரவு அட்டவணையில் ஓடியவற்றைக் களை" என்றால் அதற்கு நேரான அளபுரு பெரும்பாலும் இருக்காது. வந்த பட்டியலை ஏஜென்ட்தான் களைய வேண்டும். 30 பில்டு வந்து அதில் 18 களையப்பட்டால் மிஞ்சுவது 12. அதை "அண்மைய 30" என்று எண்ணிவிடாமலிருக்க, கட்டளையை இப்படி எழுதலாம்: "மெயின் கிளையில் தோற்றவற்றை மட்டும் தெரிந்தெடு. இரவு அட்டவணையில் ஓடியவற்றைக் களை. 30 மிஞ்சும்வரை அடுத்த பக்கங்களைக் கேள். அனுப்பிய அளபுருக்களையும் களைந்த எண்ணிக்கையையும் காட்டு."