ஆர்எக்ஸ் 100ஆ சிடி 100ஆ? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

சேலத்துல இருபது வருஷத்துக்கு மேல டூவீலர் மெக்கானிக்கா இருக்கேன், இப்பல்லாம் அடிக்கடி யாராவது ஒரு பையன் வந்து "அண்ணே, பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒண்ணு வருது, எடுக்கலாமா"ன்னு கேக்கறான், கூட அப்பா வந்திருந்தா "அதெல்லாம் வேணாம்டா, ஹீரோ ஹோண்டா சிடி 100 மாதிரி வருமா, பெட்ரோல் மிச்சம்"னு ஆரம்பிச்சிடுவாரு.

ரெண்டும் 1985ல நம்ம ரோட்டுக்கு வந்த வண்டிங்க. பேப்பர்ல பாத்தா அண்ணன் தம்பி மாதிரிதான், போர், அதாவது சிலிண்டரோட உள் அகலம், ரெண்டுக்கும் 50 எம்எம், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி எறங்கற தூரம், யமஹால 50, ஹீரோ ஹோண்டால 49.5, அதனால சிசி 98, 97. கியர் ரெண்டுலயும் நாலுதான். ஆனா பவர் மட்டும் ஆர்எக்ஸ்ல 11 பிஎச்பி, சிடில ஏழரை பக்கம். காரணம் பெருசா ஒண்ணும் இல்ல, ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக், இன்ஜினோட ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ பெட்ரோல் எரியும், சிடி ஃபோர் ஸ்ட்ரோக், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான். அந்த எக்ஸ்ட்ரா பவருக்கு பெட்ரோல் பங்க்ல காசு கட்டணும், அவ்ளோதான்.

ஆனா ஆர்எக்ஸோட அந்த 11 பிஎச்பி புது வண்டியோட கணக்கு. இன்னைக்கு உங்க கைக்கு வர்ற வண்டி எத்தன தடவ லேத்துக்கு போய் தேஞ்ச சிலிண்டர பெருசா கடைஞ்சுட்டு (போர் பண்ணிட்டு) வந்துச்சோ யாருக்கு தெரியும், பிஸ்டன் 1.00 ஓவர்சைஸ், அதாவது ஒரு எம்எம் பெருசு வந்துட்டா அதுக்கு மேல உள்ள புது ஸ்லீவ் (குழாய்) போடணும், இல்லன்னா வேற சிலிண்டர் பிளாக்தான், அத கேக்காம பெயிண்ட்டையும் குரோமையும் பாத்து பணத்த எண்ணி குடுத்துடறாங்க.

போன மாசம் ஒருத்தர் ஆர்எக்ஸ்ல ஏற்காட்டுலேந்து எறங்கறப்ப இன்ஜின் ஜாம் ஆகி குட்டி யானைல ஏத்திட்டு வந்தாரு. பிளாக்க கழட்டினா பிஸ்டன் சைடுல நகத்தால கீறின மாதிரி கோடு கோடா இருக்கு. இன்ஜினுக்கு தனியா ஆயில் அனுப்பற ஆயில் பம்ப்ப எவனோ முன்னாடியே கழட்டிட்டு பெட்ரோல்லயே 2டி ஆயில் கலந்து ஓட்டச் சொல்லியிருக்கான், நெறைய பேர் பண்றதுதான். எறக்கத்துல ஆக்சிலேட்டர மூடிட்டு கியர்லயே விட்டா இன்ஜின் சுத்திட்டே இருக்கும், பெட்ரோல் ரொம்ப கம்மியாதான் போகும், பெட்ரோல் கம்மின்னா ஆயிலும் கம்மி, அப்பறம் பிஸ்டன் சிலிண்டர்ல புடிக்காம என்ன செய்யும்? டூ ஸ்ட்ரோக்ல இன்ஜின் பிரேக்கிங்கும் கம்மி, இருக்கறது 130 எம்எம் டிரம் பிரேக், ஏற்காட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. சைடுல இருக்கற ஆயில் டேங்க்குலேந்து பம்ப்புக்கு டியூப் போகுதான்னு குனிஞ்சு பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

சிடி 100 சாது. அதோட வியாதி வேற, பெட்ரோல போட்டு மூடிட்டு மறந்துடுங்கன்னு அந்தக் காலத்துல விளம்பரம் பண்ணாங்க, நம்மாளுங்க இன்ஜின் ஆயிலயும் சேத்து மறந்துட்டாங்க! இருக்கறதே ஒரு லிட்டர் பக்கம்தான், அது தார் மாதிரி ஆனா மேல வால்வ தொறக்கற கேம் தேஞ்சு டிக் டிக்னு சத்தம் வரும்.

கடைசியா நம்பர். ஆர்எக்ஸ் 100ன்னு ஆர்சில இருக்கும், கீழ ஆர்எக்ஸ் 135 வண்டியோட இன்ஜின் உக்காந்திருக்கும், அது 132 சிசி, அனுமதி இல்லாம மாத்துன இன்ஜினோட ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ் சிக்கல் உங்க தலையிலதான். இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் ரெண்டு மேலயும் பேப்பர வெச்சு பென்சிலால தேச்சு பிரிண்ட் எடுங்க, ஆர்சியோட எழுத்து எழுத்தா ஒத்து பாருங்க, பிரிண்ட் எடுக்க விடமாட்டேன்னு விக்கறவர் மொறச்சா டீ குடிச்சிட்டு கெளம்பிடுங்க.