மெட்டாடேட்டாவுக்குப் பழைய பெயர் பாயிரம்

எழுதியாயிற்று, மெய்ப்புப் பார்த்தாயிற்று, அட்டையும் ஆயிற்று. மின்னூலைத் தானே வெளியிடுகிறவர் இனி வேலை இல்லை என்று மூச்சு விடும் நேரத்தில் ஒரு படிவம் வந்து நிற்கும். தலைப்பு, ஆசிரியர், மொழி, வகை, குறிச்சொற்கள், நூல் விவரம், எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்று வரிசையாகக் கேட்கும். இவற்றுக்கெல்லாம் சேர்த்து மெட்டாடேட்டா என்று பெயர். மூன்று ஆண்டு எழுதிய நூலுக்கு இந்தப் படிவத்தை ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிட்டுப் பொத்தானை அழுத்துகிறவர்கள்தான் அதிகம்.

சொல்லில் இரண்டு மொழிகள் கலந்திருக்கின்றன. முன்பாதியான மெட்டா கிரேக்கம். அதற்குப் 'பின்', 'அப்பால்' என்று பொருள். அரிஸ்டாட்டிலின் நூல்களைத் தொகுத்தவர்கள் இயற்பியல் நூல்களுக்குப் பின்னே வைத்த பகுதிக்கு மெட்டாபிசிக்ஸ் என்ற பெயர் வந்தது. அடுக்கில் இருந்த இடத்தைக் குறித்த சொல், நாளடைவில் 'ஒன்றைக் கடந்து நின்று அதைப் பற்றிப் பேசுவது' என்ற பொருளையும் ஏற்றிக்கொண்டது. பின்பாதியான டேட்டா இலத்தீன். கொடுத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த பன்மைச் சொல் அது. 'தரப்பட்டவை' என்று பொருள். இரண்டையும் ஒட்டி 1968-இல் ஒரு கணினி அறிக்கையில் பயன்படுத்தியவர் அமெரிக்கரான பிலிப் பேக்லி.

டேட்டாவுக்குத் 'தரவு' என்று தமிழாக்கியவரைப் பாராட்ட வேண்டும். தா என்னும் வினையிலிருந்தே தரவு வந்தது. இலத்தீனில் உள்ள கருத்து சிந்தாமல் இங்கே வந்திருக்கிறது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றுதான் பெயர். மெட்டாவுக்கு நேராக, மேல் என்று பொருள்படும் 'மீ'யைச் சேர்த்து மீத்தரவு என்கிறார்கள். மேல்நிலைத் தரவு என்பாரும் உண்டு. ஒளிப்படம் எடுத்த நேரம், தொலைபேசி அழைப்பின் நீளம் போன்றவற்றுக்கு மீத்தரவு நன்றாகவே பொருந்துகிறது. புத்தகத்துக்கு மட்டும் அதை இரவல் வாங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. நூலின் முகப்பில் நின்று நூலைப் பற்றிச் சொல்லும் பாயிரம் நம்மிடம் இருக்கிறது.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், பாயிரத்துக்குரிய வேறு பெயர்களை முதல் நூற்பாவிலேயே அடுக்குகிறது: முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை. இதில் புறவுரை என்பது நூலுக்குப் புறத்தே நின்று சொல்வது. தந்துரை, நூலுக்குள் சொல்லாததைத் தந்து உரைப்பது. மெட்டாவும் டேட்டாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன!

அந்தப் புறவுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கும் பட்டியல் உண்டு.

ஆக்கியோன் பெயரே வழியே எல்லை
நூற்பெயர் யாப்பே நுதலிய பொருளே
கேட்போர் பயனோடு ஆயெண் பொருளும்
வாய்ப்பக் காட்டல் பாயிரத்து இயல்பே

இதை வெளியீட்டுப் படிவத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் வெளிப்படை. வழி என்பது இந்நூல் எதிலிருந்து வந்தது என்பது. மொழிபெயர்ப்பென்றால் மூலநூலையும் மூல ஆசிரியரையும் சொல்லும் கட்டம். எல்லை, நூல் வழங்கும் நிலப்பரப்பு. இன்று விற்பனை உரிமை உள்ள நாடுகள். யாப்பு, நூல் கட்டப்பட்ட விதம். நுதலிய பொருள், நூல் வகை. கேட்போர், எந்த வயதினருக்கு, எத்தகைய வாசகருக்கு என்பது. பயன், நூல் விவரத்தின் முதல் இரண்டு வரியில் வர வேண்டியது. பலரும் அங்கே கதைச்சுருக்கத்தைக் கொட்டிவிடுகிறார்கள். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிச் சொல்வோர் உண்டு என்று அடுத்த நூற்பா இடம் விடுகிறது. 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய நூலகத் துறையினரும் கணினித் துறையினரும் தொடங்கிவைத்த, மீத்தரவுக்கான டப்ளின் கோர் தரத்தில் இத்தகைய கூறுகள் 15. மின்னூல்களுக்கான ஈபப் கோப்பு அதே தரத்திலிருந்து தலைப்பு, மொழி, அடையாள எண் மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது.

பாயிரம் என்றால் வெறும் முன்னுரைதானே, படிவத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். முன்னுரையாகச் சுருங்கியது அச்சுக் காலத்தில். நன்னூல் சொல்லும் சிறப்புப் பாயிரத்தை, அதாவது குறிப்பிட்ட ஒரு நூலுக்கே உரிய பாயிரத்தை, ஆசிரியர் தாமே எழுதுவதும் இல்லை. அவருடைய ஆசான், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரில் ஒருவர் எழுத வேண்டும். காரணம், தன்னைத்தானே புகழ்வது தகுதியன்று. தானே வெளியிடுகிறவர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அவருடைய பாயிரத்தை எழுத வேறு ஆள் இல்லை. ஆனால் பவணந்தியார் விதிவிலக்கும் தந்திருக்கிறார். மன்னனின் அவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிரி பழிக்கும்போது என நான்கு இடங்களில் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம். இணையக் கடையில் நம்மைத் தேடி வராத வாசகர்கள் எல்லாரும் இரண்டாவது வகைதான். சந்தைப்படுத்தலுக்குக் கூச்சப்படுகிற எழுத்தாளர்களுக்கு நான் இந்த நூற்பாவைத்தான் காட்டுவேன்.

கூச்சமே இல்லாதவர்களுக்கும் தடை உண்டு. 'மிகச் சிறந்த நாவல்' போன்ற சொற்களைக் குறிச்சொல்லாகப் போடக் கூடாது என்பது அமேசானின் கிண்டில் தளத்து விதி. அங்கே குறிச்சொல்லுக்கு ஏழு கட்டங்கள். நூல் விவரத்துக்கு 4,000 எழுத்து. ஆனால் அது கணினியின் எழுத்துக் கணக்கு. உயிர்மெய்யில் வரும் கொம்பும் புள்ளியும் அங்கே தனித்தனி. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. அதனால் தமிழில் எழுதும் விவரம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நிறைந்துவிடும்.

பட்டியலில் முதலில் நிற்பது ஆக்கியோன் பெயர். தமிழர் சறுக்குவதும் அங்கேதான். முதல் நூலில் 'ச. கண்ணன்', அடுத்ததில் 'கண்ணன் ச', மூன்றாவதில் புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் 'சகண்ணன்' என்று போட்டால், கடையின் கணக்கில் அவர்கள் மூன்று பேர். ஒரு நூலைப் படித்து முடித்தவருக்கு மற்ற இரண்டு கண்ணன்களும் எழுதியவை பக்கத்தில் வந்து நிற்காது. எந்த வடிவம் என்பது அவரவர் விருப்பம். முதல் நூலில் எது இருக்கிறதோ அதையே புள்ளி மாறாமல் எல்லா நூலிலும் போட வேண்டும்.