நோயாளியைப் பார்க்கப் போகும் நாயும் களைத்துப்போகும்

மட்டக்களப்பில் மிருக வைத்தியராக இருக்கும் என்னிடம் கொஞ்ச காலமாக ஒரு புதுக் கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள். "டொக்டர், எங்கட நாய் நல்ல சாது, யாரோடும் சேரும். ஆஸ்பத்திரியில இருக்கிற ஆக்களிட்ட கூட்டிக்கொண்டு போகலாமா? வெளிநாட்டில எல்லாம் செய்யிறாங்களே." கல்லடியிலிருந்து ஒருவர், செங்கலடியிலிருந்து ஒருவர், ஒருமுறை களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு குடும்பமே ஓட்டோவில் வந்தது. கையில் போன், அதில் ஒரு வீடியோ. கட்டிலில் ஒரு சின்னப்பிள்ளை, பக்கத்தில் தலையைச் சாய்த்தபடி ஒரு பொன்னிற நாய்.

நல்ல ஆசைதான். அப்படிக் கேட்டு வந்த எவரையும் நான் தட்டிக்கழித்ததில்லை. ஆனால் அந்த வீடியோவில் தெரியாத ஒன்றைச் சொல்லாமல் அனுப்புவதும் இல்லை. நமக்கு அது பாசம், அந்த நாய்க்கு அது வேலை. முன்பின் தெரியாத மணங்களுக்கும் கைகளுக்கும் நடுவே அசையாமல் நிற்கிற வேலை.

இது நேற்று முளைத்த விஷயம் அல்ல. நீண்ட நாள் படுக்கையில் கிடப்பவருக்குச் சின்னப் பிராணி ஒன்று நல்ல துணை என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860 வாக்கிலேயே எழுதிவிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944ல், நியூகினிக் காட்டில் ஒரு குட்டி யோர்க்‌ஷயர் டெரியர் அகப்பட்டது. இரண்டு கிலோகூட வராது. பில் வின் என்ற அமெரிக்கப் படைவீரர் அதை இரண்டு அவுஸ்திரேலியப் பவுணுக்கு வாங்கி ஸ்மோக்கி என்று பெயர் வைத்தார். அவருக்கு டெங்கு வந்து படுத்தபோது நண்பர்கள் நாயை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். அங்கிருந்த தாதிகள் அதை மற்றக் காயக்காரரின் கட்டில்களுக்கும் எடுத்துப்போனார்கள். டெங்குக்கு வாட்டில் கிடந்தவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் அந்தப் பகல்கள் எவ்வளவு நீளம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். பிறகு 1976ல் எலேன் ஸ்மித் என்ற அமெரிக்கத் தாதி இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். எந்த நாய் போகலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற விதிகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன.

எனக்குத் தெரிந்த வாட்டு எதிலும் இங்கே நாய்க்கு இடமில்லை. ஆகவே நான் சொல்லப்போவது ஒரு முதியோர் இல்லத்தின் கதை. அங்கே நோயாளர் அறை ஒன்றும் நீளமான விறாந்தை ஒன்றும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் நாயோடு அங்கே போக விரும்பினார். ஊரெல்லாம் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே எழுதுகிறேன். நாயின் பெயர் பிறவுணி. சாதி நாய் அல்ல. மழைக்காலத்தில் மதிலடியில் கிடந்த ஊர் நாய்க் குட்டி, பெட்டை. அப்போது ஐந்து வயது.

முதலில் நான் பிறவுணியைச் சோதித்தேன். பின்பக்கமாக எவர்சில்வர் தட்டு ஒன்றை சிமெந்துத் தரையில் போட்டேன். திடுக்கிட்டாள், திரும்பிப் பார்த்தாள், நான்கைந்து மூச்சில் பழையபடி ரீச்சரின் காலடியில் வந்து நின்றாள். எனக்கு வேண்டியது அதுதான். திடுக்கிடாத நாயை நான் தேடவில்லை, திடுக்கிட்டுவிட்டுத் தேறும் நாயைத்தான் தேடுகிறேன். பிறகு குடையை விரித்தேன், ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நடந்தேன், காதைப் பிடித்தேன், கைநடுக்கம் உள்ளவர் தடவுவதுபோல முதுகில் தட்டினேன். தரையில் ஒரு குளிசையைப் போட்டு, ரீச்சர் "விடு" என்றதும் விடுகிறாளா என்று பார்த்தேன். வயதானவர்கள் இருக்கும் இடத்தில் தரையில் குளிசை கிடக்கும், நாய் அதை விழுங்கிவிடக் கூடாது.

அதே மாதம் ஓர் அருமையான லாப்ரடோர் வந்தது. எல்லோர் மேலும் பாய்ந்து முகத்தை நக்கியது. அதன் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எண்பது வயது இடுப்பெலும்பு அந்த அன்பைத் தாங்காது. வேண்டாம் என்றேன். வீட்டுக்காரரின் முகம் வாடிவிட்டது. இந்த வேலைக்குப் பாசம் மட்டும் காணாது என்பதை நாய் வளர்ப்பவர்களிடம் சொல்லுவதுதான் எனக்கு மிகக் கடினமான பகுதி.

சரி, பிறவுணியின் முதல் சனிக்கிழமை. காலை எட்டு மணி. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் ஒன்பதுக்குப் பிறகு தார் ரோட்டில் நாயை நடத்தக் கூடாது. உங்கள் புறங்கையை ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். முதல்நாளே குளிப்பாட்டி, நகம் வெட்டி, உண்ணி தெள்ளு இருக்கிறதா என்று விரலிடுக்கு வரை பார்த்திருந்தோம். நகம் நீண்டிருந்தால் மினுக்கின தரையில் நாய்க்குக் கால் வழுக்கும், வழுக்கும் நாய் பயப்படும்.

விறாந்தையின் கடைசிக் கதிரையில் ஓர் அம்மா. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வலக்கையை மடியில் போட்டு, அதன்மேல் இடக்கையை வைத்துக்கொண்டிருப்பார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிறவர் எவ்வளவு சொன்னாலும் அந்தக் கையைத் தூக்க மனம் வராது. பிறவுணி அவருடைய இடப்பக்கம் போய் நின்றாள். இடக்கையால் தடவினார். "சாப்பிட்டியா மனே?" என்று கேட்டார், நாயிடம். மூன்றாவது கிழமை ரீச்சர் ஒன்றும் பேசாமல் நாயை வலப்பக்கம் நகர்த்திவிட்டார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடக்கையால் வலக்கையைத் தூக்கி நாயின் முதுகில் வைத்தார். வைத்த கை தானாக ஒரு சாண் தூரம் இழுபட்டது. அவ்வளவுதான். நாய் பாரிசவாதத்தைச் சுகப்படுத்தியது என்று நான் எழுதமாட்டேன், அப்படி யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். அந்தக் கையைத் தூக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது, அதைத்தான் நான் கண்டேன்.

பிறவுணியின் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். நாயும் அதன் சொந்தக்காரரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவருடைய உடலிலும் ஒட்சிற்றோசின் என்ற ஹோர்மோன் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015ல் காட்டினார்கள். சொந்தக்காரர் என்ற சொல்லைக் கவனியுங்கள். விறாந்தையில் இருந்த பதினைந்து பேரும் பிறவுணிக்கு அந்நியர்கள். ஒவ்வொருவரும் தைல மணம், பினாயில் மணம், மருந்து மணம் என்று வேறு வேறு. நம் மூக்குக்கே அந்த இடம் நெடியடிக்கும் என்றால், அவளுடைய மூக்குக்கு எப்படி இருந்திருக்கும்?

நாய் "போதும்" என்று சொல்லும்போது குரைப்பதில்லை. அதற்கு வெகு முன்பே சொல்லிவிடும். நித்திரை வராத நேரத்தில் கொட்டாவி விடும். சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆனால் கண் மட்டும் நம்மைப் பார்த்தபடி இருக்க, ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும். நனையாமலே உடம்பை உதறும். வால் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அந்த வாலை நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஏழாவதோ எட்டாவதோ கிழமை. அன்று பிறந்தநாள் ஒன்று இருந்ததால் வெளி ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். எல்லோருக்கும் பிறவுணியோடு படம் எடுக்க வேண்டும். நேரம் முக்கால் மணியைத் தாண்டியது. அவள் கொட்டாவி விட்டதை நான் கண்டேன், களைப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். இளைஞர் ஒருவர் குனிந்து அவள் கழுத்தைக் கட்டிப்பிடித்தார். மனிதருக்குக் கட்டிப்பிடிப்பது அன்பு, நாய்க்கு அது பிடிபடுவது. மெல்லிய ஓர் உறுமல். ரீச்சர் உடனே கயிற்றைத் தளர்த்தி அவளை வெளியே கொண்டுபோனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, பின்னேரம் வரை எழும்பாமல் கிடந்தாளாம். அன்று அவள் செய்தது குழப்படி அல்ல. பிழை என்னுடையது. அதற்குப் பிறகு அரை மணி நேரம்தான், அதுவும் மூன்று நான்கு பேருக்கு மேல் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது வெளிநாடுகளில் சொல்லப்படும் எல்லை. நம் வெக்கைக்கு அதுவும் கூட என்பது என் அபிப்பிராயம்.

நாய்க்கு மறுக்கும் உரிமை உண்டு என்றால் நோயாளிக்கும் உண்டு. அந்த இல்லத்தில் படுவான்கரைப் பக்கத்து ஐயா ஒருவர் இருக்கிறார். நாயைக் கண்டாலே உடம்பு விறைக்கும். கடி வாங்கிய பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் ஒருநாள் தானாகவே சொன்னார், "நாய் கத்தினா ஆக்கள் வாறாங்க எண்டு அர்த்தம் டொக்டர்." யுத்த காலத்து இரவுகளில் ஊர் நாய்கள் ஒன்று மாற்றி ஒன்று குரைக்கத் தொடங்கினால், விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்த ஊர்கள் இவை. முப்பது வருடம் கழிந்தும் அந்த உடம்புக்கு அது ஞாபகம் இருக்கிறது. மெல்ல மெல்லப் பழக்கலாம் என்று ஒரு தொண்டர் சொன்னபோது நான் மறுத்துவிட்டேன். அவர் கேட்காத வைத்தியத்தை அவருக்குச் செய்ய நாம் யார்? இப்போது பிறவுணி வரும் நேரத்தில் ஐயாவைப் பின்பக்கத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுத்திருக்கும் ஊர் இது. இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டநெறியில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீரால். ஒரு கட்டிலில் இருப்பவர் ஆசைப்பட்டார் என்பதற்காக நாயைப் பொது அறைக்குள் கொண்டுபோனால், அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு எழும்பிப் போகவும் வழியில்லை. அந்த இல்லத்தில் வேலை செய்யும் முஸ்லிம் சகோதரி ஒருவரிடம் தொடங்கும் முன்பே கேட்டோம். அவர் ஒரு தீர்வும் சொன்னார். நாய்க்கென்று தனி விரிப்பு, விறாந்தையின் ஒரு மூலை, அதற்கப்பால் நாய் வராது. அந்த நேரத்தில் அவருக்கு உள் அறையில் வேலை. முன்கூட்டியே கேட்டதால் எந்த மனத்தாங்கலும் வரவில்லை.

நோய் விஷயத்தில் நான் கறார். விசர்நாய்த் தடுப்பூசி வருடா வருடம், அட்டையைக் கண்ணால் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இந்த ஊசியைச் சுகாதாரத் திணைக்களம் இலவசமாகவே போடுகிறது. எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் வேண்டும், வயலும் வாய்க்காலும் உள்ள நம் பக்கத்தில் அது அவசியம். பூச்சி மருந்து, தோலில் படர்தாமரை இல்லை என்ற உறுதி, இவையும் வேண்டும். கோழிக்கடையில் வாங்கும் பச்சை இறைச்சி, கழிவு எதையும் கொடுக்கக் கூடாது. அதில் வரும் சல்மொனெல்லாக் கிருமி நாயை ஒன்றும் செய்யாமல் அதன் வாயிலும் மலத்திலும் இருந்துகொண்டு, பலவீனமான நோயாளியைப் படுக்கையில் தள்ளும். பச்சை இறைச்சி தின்ற நாயை 90 நாள் ஒதுக்கி வைக்கச் சொல்லும் விதிகள் உண்டு. திறந்த புண் உள்ளவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறவர் ஆகியோரிடம் அவர்களுடைய வைத்தியர் எழுதித் தராமல் போகக் கூடாது. தொடுவதற்கு முன்பும் பின்பும் எல்லோரும் கை கழுவ வேண்டும். எவ்வளவு நம்பிக்கையான நாயாக இருந்தாலும் பல்லோ நகமோ பட்டுவிட்டால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குத்தான். "வீட்டு நாய்தானே" என்று இருந்துவிடாதீர்கள்.

உங்கள் நாய்க்கு ஒரு வயது தாண்டியிருந்தால், ஆசையும் இருந்தால், என்னிடமோ உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறு மிருக வைத்தியரிடமோ கூட்டிவாருங்கள். போன் வேண்டாம், நாயை மட்டும் கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் அதனோடு சும்மா இருந்து பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

பிறவுணிக்கு இப்போது எட்டு வயது. முகவாயில் நரை விழுந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் ரீச்சர் அந்தப் பச்சை விரிப்பை எடுத்து வாசலில் வைப்பார், கூப்பிடமாட்டார். அவள் எழும்பி வந்து விரிப்பை மோந்தால் ஓட்டோவுக்குச் சொல்லுவார். போன கிழமை அவள் கிணற்றடி நிழலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் பொறுத்துவிட்டு ரீச்சர் இல்லத்துக்குப் போன் எடுத்து, இன்றைக்கு வரவில்லை என்று சொன்னார். போனை வாங்கிக் கதைத்தது அந்த அம்மாதான்.

"படுக்கட்டும் புள்ள, எழுப்பாதீங்க," என்றாராம். "நான் எங்க போகப்போறன்?"