போர்டு இரண்டு, பான் ஒன்று

"மளிகைக் கடையில 25 லட்சம், பாத்திரக் கடையில 20 லட்சம். ரெண்டுமே நாற்பதைத் தொடலையே, எதுக்கு சார் ஜிஎஸ்டி?"

இரண்டு கடை வைத்திருப்பவர்கள் வரி ஆலோசகர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பொருள் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அதுதான் வரம்பு. போர்டு வேறு, பில் புக் வேறு, கரண்ட் அக்கவுண்ட் வேறு. ஆனால் ஒருவரே முதலாளியாக இருக்கும் தனியுரிமை வணிகத்தில் கடையும் முதலாளியும் சட்டப்படி ஒரே ஆள். அவருடைய பான்தான் கடையின் பான். அந்த ஒரு பானில் நாடு முழுக்க நடக்கும் விற்பனையைக் கூட்டித்தான் வரம்பைப் பார்ப்பார்கள். சில்லறையாக அளந்து கொடுக்கும், வரியே இல்லாத அரிசியும் பருப்பும்கூட அந்தக் கூட்டலில் சேரும். ஆக, இவருக்கு 45 லட்சம், வரம்பைத் தாண்டிவிட்டார்.

பலர் கவனிக்காதது வாடகை. 40 லட்ச வரம்பு, பொருள் மட்டும் விற்பவருக்கு. கடை மாடியை ஒரு ஆபீஸுக்கு விட்டு மாதம் 15,000 வாங்கினால் அது சேவை. வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். வருமான வரியில் அதை வீட்டுச் சொத்து வருமானமாகக் காட்டியிருப்பார், ஜிஎஸ்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதே தெரியாது. அதேபோல, கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்றால் எவ்வளவு குறைவாக விற்றாலும் பதிவு கட்டாயம்.

"அப்போ ஒரு கடையை வீட்டம்மா பேருக்கு மாத்திடவா?" முதல், சரக்கு, வங்கிக் கணக்கு, நிர்வாகம் எல்லாம் அவருடையதாக இருந்தால் தாராளமாக. பெயர் மட்டும் அவருடையது, பணமெல்லாம் உங்கள் யூபிஐயில் என்றால் ஆய்வில் நிற்காது. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யூபிஐ வரவுகளைப் பார்த்துத்தான் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

சிலர் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழை நீட்டுவார்கள். அது கடனுக்கும் சலுகைக்கும் உதவும், வரிப் பதிவு ஆகாது. அரசுத் தளத்தில் இலவசம்தான். அதற்கும் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு.

பதிவு எடுக்கவேண்டிய நிலை வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். ஆண்டு விற்பனை 1.5 கோடிக்குள் இருக்கும் கடைக்காரர் தகுதி இருந்தால், விற்பனையில் 1 சதவீதம் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். அதில் வரியை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது. வழக்கமான பதிவு என்றால், கையிருப்புச் சரக்குக்கு ஏற்கெனவே கொடுத்த வரியை வரவு எடுக்கலாம், அதாவது கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். 30 நாள் தாண்டினால் அந்த வரவு போய்விடும், பழைய விற்பனைக்கான வரியும் 18 சதவீத வட்டியும் அபராதமும் உங்கள் தலையில்தான்.