வீட்டு ஆய்வகத்துக்கு ரசாயனம் வாங்குகிறீர்களா? பில்லையும் நோட்டையும் பத்திரமாக வையுங்கள்

மதுரையில் ரசாயனம் கிடைப்பது பெரிய காரியமில்லை. நகைப் பட்டறையில் நைட்ரிக் அமிலம் இருக்கும். சுங்குடிச் சாயப் பட்டறையில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கந்தகமும் வெடியுப்பும் (பொட்டாசியம் நைட்ரேட்) பொட்டலமாகவே வாங்கலாம். அதனால்தான் வேதியியலைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் சட்டம் என்றதும் கேட்பது ஒரே கேள்வி: "சார், இது தடை பண்ணின பொருளா?"

இந்தக் கேள்வி போதாது. தடைப் பொருள்களின் ஒரே பட்டியல் என்று எதுவும் கிடையாது. அமிலத்துக்கும் விஷத்துக்கும் ஒரு சட்டம், மெத்தனாலுக்கு வேறொன்று, வெடிபொருளுக்கு மற்றொன்று. எந்தப் பொருள், எவ்வளவு, எதற்காக, பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது, கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று ஐந்தையும் சேர்த்துத்தான் அதிகாரி பார்ப்பார்.

அமிலத்திலிருந்து தொடங்கலாம். ஆசிட் வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, கடைக்காரர் பதிவேடு வைக்க வேண்டும். வாங்குபவரின் பெயர், முகவரி, அளவை எழுத வேண்டும். முகவரியுள்ள அரசு அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். நோக்கத்தைக் கேட்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. ஆகவே ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குத் தேவையென்றால் பெற்றோர் தங்கள் பெயரில் வாங்கி, தாங்களே பூட்டி வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் பலரும் 'சொந்த உபயோகம்' என்று எழுதிவிட்டு வருகிறார்கள். பின்னால் இது எதற்கும் உதவாது. "சல்பூரிக் அமிலம், 98%, 500 மி.லி., காப்பர் சல்பேட் படிகம் வளர்க்கும் கரைசலில் சில சொட்டு சேர்க்க" என்று எழுதுங்கள். பதிவேடு இல்லாமல், லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றித் தருகிற கடையில் விலை குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

மெத்தனாலில்தான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். வெளி மாநிலத்து ஆன்லைன் கடை சாதாரணக் கரைப்பான் போல விற்கும். தமிழ்நாட்டில் அது மதுவிலக்குச் சட்டத்தின் பிடியில் இருக்கிறது. மெத்தில் ஆல்கஹாலுக்கும் (மெத்தனாலின் இன்னொரு பெயர்) டீநேச்சர்டு ஸ்பிரிட்டுக்கும் (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த சாராயம்) 1959 முதலே தனி விதிகள் உண்டு, உரிமம் கேட்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் தண்டனைகளும் கூடிவிட்டன. 'ஆராய்ச்சிக்குத்தான்' என்று வாயால் சொல்வதற்கு இங்கே மதிப்பில்லை. பெரும்பாலான பொழுதுபோக்குச் சோதனைகளுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ எத்தில் அசிடேட்டோ போதும்.

அதிக கவனம் வேண்டியது வெடிபொருள் சட்டங்களில். 1908-ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அதில் 'வெடிபொருள்' என்பது செய்து முடித்த வெடியோடு நிற்பதில்லை. அதைச் செய்வதற்கான மூலப்பொருளும் கருவியும்கூட அதற்குள் அடங்கும். 5-ஆம் பிரிவின்படி, சட்டப்படியான நோக்கத்துக்கு அல்ல என்று சந்தேகிக்க நியாயமான சூழலில் அதை வைத்திருந்தால், நோக்கம் சட்டப்படியானதே என்று காட்ட வேண்டியவர் வைத்திருப்பவர்தான். காட்ட முடியாவிட்டால் 10 ஆண்டு வரை சிறை. வெடியுப்பு உரக்கடையில் 13-0-45 என்ற பெயரில் கிடைக்கும், சட்டப்படியே கிடைக்கும். ஆனால் வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியப் பவுடர் நான்கும் ஒரே அலமாரியில், பில் இல்லாமல், குறிப்பு எதுவும் இல்லாமல் இருந்தால் அது வேறு கதை. பக்கத்திலேயே சிவகாசி, சாத்தூர் இருப்பதால் இந்தச் சேர்க்கை எதைக் குறிக்கும் என்று நம் ஊர்க் காவல்துறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 2012-இல் தனி விதிகள் வந்தன. எடையில் 45 சதவீதத்துக்கு மேல் அது இருக்கும் கலவையும் அந்த விதிகளுக்குள் வரும். 'ஐஸ் பேக் பவுடர்' என்று பெயர் மாற்றி விற்றாலும் பொருள் மாறாது. கந்தகத்தோடு குளோரேட் சேர்ந்த வெடிகலவை 1992 முதல் நாடு முழுக்கத் தடை.

மற்றவை சுருக்கமாக. அசிட்டிக் அன்ஹைட்ரைடும் ஆந்த்ரானிலிக் அமிலமும் போதைப்பொருள் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. மீறினால் 10 ஆண்டு வரை சிறை. யுரேனியம், தோரியம் சேர்மங்கள் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தனிமம் சேகரிப்பவர்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் கலந்த மோனசைட் மணலை அள்ளி வரும் ஆசையை விட்டுவிடுங்கள். டொலுவீன், ஹெக்சேன் போன்றவற்றை விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைக்கலாம் என்று பெட்ரோலியச் சட்டம் சொல்கிறது. குடியிருக்கும் வீட்டில் ஒரு லிட்டரே தாராளம். சயனைடு பக்கமே போக வேண்டாம்.

நண்பருடைய கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணிலோ, கல்லூரி லெட்டர்பேடிலோ வாங்குவது சுலபமான வழியாகத் தெரியும். அங்கே ரசாயனக் குற்றமே இல்லாவிட்டாலும் பொய் ஆவணக் குற்றம் சேரும். கடிதம் கொடுத்தவரும் மாட்டுவார். உங்கள் பெயர், உங்கள் முகவரி, உண்மையான நோக்கம் மூன்றையும் சொல்லிக் கேட்டு, விற்பவர் மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

வாங்கியபின் தைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள். தேதி, பெயர், சி.ஏ.எஸ். எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள உலகப் பொது அடையாள எண்), தரம் (எல்.ஆர். என்ற ஆய்வகத் தரம் அல்லது ஏ.ஆர். என்ற பகுப்பாய்வுத் தரம்), அளவு, பில் எண், கடை, அதன்கீழ் ஒவ்வொரு முறையும் எடுத்த அளவு, எந்தச் சோதனை, மீதி. மையால் எழுதி, பக்கத்துக்கு எண் இடுங்கள். 1908 வெடிபொருள்கள் சட்டத்தின் 5-ஆம் பிரிவு கேட்கும் 'நோக்கத்தை' காட்ட இதைவிட நல்ல சாட்சி உங்களிடம் இருக்காது. திடப்பொருளில் 500 கிராமுக்கு மேல் எதையும் வாங்க வேண்டாம். படிகத்துக்கு 100 கிராம் போதும் என்றால் 100 கிராம்தான். ஆக்சிஜனேற்றிகளை (வெடியுப்பு போல, மற்றது எரிய ஆக்சிஜன் கொடுப்பவை) எரிபொருள்களிடமிருந்து தனி அலமாரியில் வையுங்கள், அமில பாட்டில்களை பிளாஸ்டிக் தட்டில் நிறுத்துங்கள். லேபிளைக் கிழிக்காதீர்கள், தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றாதீர்கள்.

கொண்டுவருவதிலும் சிக்கல் உண்டு. ரயிலில் அபாயகரமான பொருளை எடுத்துச் சென்றால் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் கள்ளத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். சென்னையில் வாங்கிய அமிலத்தைப் பையில் வைத்து ரயில் ஏறுவதும் இதே பிரிவில்தான் வரும். பஸ்ஸும் வேண்டாம். விற்பவரையே உரிய முறையில் அனுப்பச் சொல்லுங்கள்.

காவலர்கள் வீட்டுக்கு வந்தால், பயத்தில் எதையும் கழிவறையில் கொட்டாதீர்கள். ஆதாரத்தை அழித்த பழி சேரும். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்ட கழிவறையில் அமிலம் விழுந்தால் குளோரின் வாயு வீட்டுக்குள்ளேயே கிளம்பும். பில்களையும் நோட்டையும் எடுத்துக் கொடுங்கள். எந்த பாட்டிலில் என்ன, எதைத் திறக்கக் கூடாது என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105-ஆம் பிரிவு சொல்கிறது. மகஜரில் (காவலர்கள் எழுதும் பறிமுதல் பட்டியல்) ஒவ்வொரு பாட்டிலின் பெயரும் அளவும் சரியாக ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்தபின் கையெழுத்திட்டு, நகலைக் கேட்டு வாங்குங்கள். 'வெள்ளைப் பவுடர் ஒரு பாட்டில்' என்று மொட்டையாக எழுதியிருந்தால், லேபிளில் உள்ள பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். 1908 சட்டப்படி வழக்கு போட்டாலும் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் இல்லாமல் நீதிமன்றம் விசாரணை தொடங்க முடியாது. அதற்கு முன்பே பில், நோட்டு நகல்களை வழக்கறிஞர் வழியாக ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.