ஃபார்முலா ஒன் நேரலை: தேர்ந்த ரசிகருக்கா, புதிதாகப் பார்ப்பவருக்கா?

விளையாட்டு நேரலைத் தயாரிப்பில் வேலை பார்ப்பவன் என்பதால், கார் பந்தய ஒளிபரப்பைப் பற்றி இரண்டு வகையான குறைகள் என் காதுக்கு வந்துகொண்டே இருக்கும். நெடுங்காலமாக ஃபார்முலா ஒன் பார்ப்பவர்கள், தெரிந்த விஷயத்தையே ஒவ்வொரு வாரமும் பாடம் நடத்துகிறார்கள் என்று அலுத்துக்கொள்வார்கள். நெட்ஃப்ளிக்ஸில் 2019இல் தொடங்கிய ஆவணத் தொடரின் வழியாக உள்ளே வந்தவர்கள், முதலிடத்தில் இருந்தவர் திடீரென்று ஆறாவது இடத்துக்கு எப்படிப் போனார் என்றே பிடிபடவில்லை என்பார்கள். ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் மற்றவரிடமிருந்து பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று எங்கள் துறையிலேயே பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். பந்தயத்தின்போது உலகெங்கும் செல்லும் பொதுக் காட்சியை, அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சி எடுப்பதில்லை. ஃபார்முலா ஒன் நிறுவனமே தயாரிக்கிறது. 2020 முதல் அதன் பெரும்பகுதி வேலை, லண்டனின் தென்கிழக்கு விளிம்பில் இருக்கும் பிகின் ஹில் மையத்தில் நடக்கிறது. ஒளிபரப்பும் நிறுவனங்கள் அதன்மீது தங்கள் வர்ணனையைச் சேர்க்கின்றன. எனவே காட்சி மாறியதற்காக வர்ணனையாளரைத் திட்டுவதில் பயனில்லை. அந்தப் பொத்தான் அவர் கையில் இல்லை.

வர்ணனையாளர் கையில் இருப்பது நேரம். 'அண்டர்கட்' என்ற உத்தியை எடுத்துக்கொள்வோம். முன்னால் செல்லும் காரைத் தடத்தில் முந்த முடியாத ஓட்டுநர், ஒன்றரை விநாடி பின்தங்கிய நிலையிலேயே முதலில் பிட்டுக்குள், அதாவது தடத்தோரம் அணியினர் காத்திருக்கும் இடத்துக்குள், வந்து டயர் மாற்றிக்கொள்கிறார். புதிய டயரின் பிடிப்பால் அடுத்த சுற்றை, தேய்ந்த டயரில் ஓடும் எதிராளியைவிட இரண்டு விநாடி வேகமாக முடிக்கிறார். எதிராளி அதற்கடுத்துத் தானும் டயர் மாற்றி வெளியே வரும்போது இடம் பறிபோயிருக்கிறது. தடத்தின் எந்த வளைவிலும் ஒருவரை ஒருவர் முந்தவில்லை என்பதால், புதிதாகப் பார்ப்பவருக்கு இது வித்தை போலத்தான் இருக்கும். இடம் மாறிய பிறகு இதை விளக்கினால் அவர் அந்தத் தருணத்தை இழந்திருப்பார், தேர்ந்த ரசிகரோ சலித்துப்போவார். அதே விளக்கத்தை இரண்டு சுற்று முன்பே, "இவர் இப்போது உள்ளே வந்தால், முன்னால் இருப்பவர் அடுத்த சுற்றே வந்தாக வேண்டும்" என்று சொல்லிவிட்டால், புதியவருக்கு எதைக் கவனிப்பது என்று தெரிந்துவிடுகிறது. பழையவருக்கோ அது வாதிடத்தக்க ஒரு கணிப்பு. பிரிட்டனின் ஐடிவியில் 1997 முதல் 2001 வரை வர்ணனையாளர் மர்ரி வாக்கர் பரபரப்பைச் சொல்ல, தானே ஃபார்முலா ஒன் ஓட்டிய மார்ட்டின் பிரண்டில் காரணத்தைச் சொன்ன இணை வெற்றி பெற்றதற்கு, இந்த வேலைப் பங்கீடு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

படத் தேர்வில் நடக்கும் தவறுகள் இதைவிடப் பெரியவை. 2021 மொனாக்கோ பந்தயத்தில் பிட்டிலிருந்து வெளிவந்த வெட்டலும், அவரோடு போட்டியிட்ட காஸ்லியும் மேட்டில் பக்கத்துப் பக்கமாக ஏறிக்கொண்டிருந்த நொடியில், ஸ்ட்ரோல் என்ற இன்னொரு ஓட்டுநர் ஒரு வளைவின் விளிம்பில் ஏறி இறங்கிய ரீப்ளேவுக்குக் காட்சி தாவியது. அன்று மொனாக்கோவில் உள்ளூர் தொலைக்காட்சியே காட்சியைத் தயாரித்தது. 2023இல் அந்தப் பொறுப்பை ஃபார்முலா ஒன் எடுத்துக்கொண்டது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2025 சிங்கப்பூர் பந்தயத்துக்குப் பிறகு, ஓட்டுநர்களின் காதலிகளையும் பிரபலங்களையும் காட்டுவதற்காகத் தடத்தில் நடந்த முந்தல்கள் தவறவிடப்படுகின்றன என்று ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ் வெளிப்படையாகவே குறைகூறினார். பார்வையாளர் மாடத்து முகங்களைக் காட்டுவது புதியவர்களை இழுப்பதற்காக என்பது வழக்கமான நியாயம். ஆனால் இரண்டு கார்கள் சக்கரத்தோடு சக்கரம் உரச ஓடுவதைப் புரிந்துகொள்ள யாருக்கும் முன்னறிவு தேவையில்லை. புதியவருக்கு எளிதில் விளங்கும் காட்சியை அவர் பெயரைச் சொல்லியே மறைப்பது விந்தைதான்.

விதிகளே சிக்கலாகும்போதுதான் உண்மையான சோதனை. 2021 டிசம்பரில் அபுதாபியில், ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் தலா 369.5 புள்ளிகளுடன் கடைசிப் பந்தயத்துக்கு வந்தார்கள். 58 சுற்றுகளில் 53ஆவது சுற்றில் லத்தீஃபி என்ற ஓட்டுநர் மோதி நிற்க, எல்லாரையும் மெதுவாகத் தன் பின்னால் வரிசையில் ஓடவைக்கும் சேஃப்டி கார் வந்தது. ஒரு சுற்று பின்தங்கிய கார்கள் எல்லாம் அதை முந்திச் செல்ல வேண்டுமா, இருவருக்கும் இடையில் நின்ற ஐந்து மட்டும் போதுமா என்பதே பட்டத்தைத் தீர்மானித்தது. பழைய ரசிகர் இதைச் சொல்லும் விதி 48.12ஐப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார். புதியவர் கடைசிச் சுற்றில் நடந்த முந்தலைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். அந்த ஆண்டு ஒலிபரப்பான, அணித் தலைவர்களுக்கும் பந்தய இயக்குநருக்கும் இடையிலான ரேடியோ உரையாடல், இருவரையும் ஒரே கேள்வியில் நிறுத்தியது. அடுத்த ஆண்டே அந்த உரையாடலை ஒலிபரப்புவதை நிறுத்திவிட்டார்கள். அந்த உரையாடல் முடிவெடுப்பவர்மீது அழுத்தம் போட்டது உண்மை. ஆனாலும் ஒளிபரப்பு என்ற அளவில் அது இழப்பு.

பார்ப்பவர்கள் அறிந்துவைத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள். ஓட்டுநர்களின் ரேடியோ பேச்சு பெரும்பாலும் அந்த நொடியில் பேசப்பட்டதல்ல. சற்றுமுன் பேசியதிலிருந்து தேர்ந்தெடுத்துப் போடப்படுவது. முந்தும் வாய்ப்பைச் சதவீதத்தில் காட்டும் கிராஃபிக்ஸ், கணினிக் கணக்கீடு தரும் மதிப்பீடு மட்டுமே. இவற்றைவிட, உலர்ந்த தடத்துக்கான டயர்களின் நிறங்களை 2019 முதல் மென்மைக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள், கடினத்துக்கு வெள்ளை என்று மூன்றாகச் சுருக்கியது இரு தரப்புக்கும் கூடுதலாக உதவியிருக்கிறது.

இரு தரப்புக்கும் தனித்தனி அலைவரிசை கொடுத்துவிடலாமே என்பவர்களுக்கு முன்னுதாரணங்கள் உண்டு. 1996இல் ஜெர்மனியில் பல கோணங்களைத் தேர்ந்துகொள்ளும் கட்டண டிஜிட்டல் சேவை தொடங்கி 2002இல் மூடப்பட்டது. 2023 ஹங்கேரி பந்தயத்தைச் சிறுவர்களுக்கென்றே பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி தனியாக ஒளிபரப்பியது. எனக்கு இன்னும் எளிய வழியே பிடித்திருக்கிறது: விரிவான பாடத்தைப் பந்தயத்துக்குப் பின் வைத்துக்கொள்வது. சென்னையைச் சேர்ந்த முன்னாள் ஓட்டுநர் கருண் சந்தோக், ஸ்கையின் தொடுதிரை முன் நின்று காரில் பொருத்திய கேமராக்கள் எடுத்த இரண்டு ஆன்போர்டு காட்சிகளை அருகருகே ஓடவிட்டு, யார் எங்கே பிரேக் பிடித்தார் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். பந்தயத்தின் நடுவே அப்படி நிறுத்த முடியாது. அதற்குள் வேறொரு வளைவில் எவராவது முந்தியிருப்பார்.